கிளி தொரத்துன கொரலு

நேத்து ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுல கம்பெனி வண்டிக்கு நின்னுக்கினு இருந்தேன். எதுத்தாப்புல ஒரு ஆளு மொபெட்டுல உப்பு மூட்டைய அடுக்கி, முன்னாடி ஒரு கை மைக்க கட்டி வுட்டிருந்தாரு. "உப்பே... கல்லுப்பே..."ன்னு மைக்கு கத்துது. அந்த ஆளு பக்கத்துல குந்திக்கினு வாய் நெறைய போண்டா துன்றாரு. வாயி ஒரு வேலை பாக்குது, கொரலு ஒரு வேலை பாக்குது. கூட நின்ன பொண்ணுங்க எல்லாம் சிரிச்சாளுங்க. எனக்கு சிரிப்பு வரல. அதே மாதிரி மைக்கு ஒண்ணு எங்க வூட்லயும் இருந்துச்சி.

ஏழாவதோட நின்னவ நான், கோர்வையா சொல்ல வராது. வர்ற மாதிரி சொல்றேன், கேட்டுக்க.

எங்க வூடு மேல, ஜவ்வாது மலையில. சாமை பால் புடிக்கிற நேரத்துல காட்டுல ஒரு வாசனை அடிக்கும் பாரு, ஊற வச்ச அரிசிய வாயில போட்டு மென்ன மாதிரி. அந்த வாசனை நமக்கு முன்னாடி கிளிக்குத் தெரிஞ்சிடும். வெடியக்காத்தால கூட்டமா வந்து எறங்கும். அத தொரத்தறது எனக்கும் எங்க அக்கா சரளாவுக்கும் வேலை. என்ன வுட மூணு வயசு பெரியவ. நான் தகர டப்பாவ தட்டுவேன், அவ கூவுவா. கூவுவான்னு சொல்றேனே, அது பாட்டு தான். "ஏ கிளியே..."ன்னு இழுத்தான்னா, அது ஓடைய தாண்டி எதுத்த சரிவுல பட்டு திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த வரிய எடுத்துடுவா.

எனக்கு தொண்ட அப்டி இல்ல. கரகரன்னு இருக்கும். அம்மா சொல்லும், "நீ கூவாதடி, கிளி அது சொந்தக்காரங்களயும் கூட்டிக்கினு வந்துடும்." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சிட்டு போய் டப்பாவப் போட்டு அடிப்பேன் பாரு, அந்த அடி கிளிக்கு இல்ல.

ஓடைக்கு அந்தாண்ட தேவகி வூட்டு காடு. அவளும் அக்கா வயசு தான். அவங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் பேச்சு இல்ல. எல்லாம் ஓடக்கரையில நிக்கற ஒரு புளியமரத்தால. அவங்க அப்பா எங்க மரம்ன்றாரு, எங்க அப்பா எங்க மரம்ன்றாரு. மூணு வருசம் யாரும் உலுக்கல. புளி கீழ வுழுந்து, கொட்டை மொளச்சி கன்னா நிக்குது. "அந்த வூட்டுப் பொண்ணுகிட்ட பேசுனீங்க, கால ஒடச்சிடுவேன்"னாரு அப்பா. பேசத்தான் கூடாதுன்னாரு. பாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல.

அக்கா கிளிகிட்ட பேசுனா. "ஏ கிளியே, எங்க வூட்ல இன்னிக்கி களி, தொட்டுக்க ஒண்ணும் இல்ல!" அந்தாண்டேர்ந்து தேவகி, "ஏ கிளியே, எங்க வூட்ல மொச்சக்கொட்ட கொழம்பு, நேத்து வச்சது, ஊசிப் போச்சி!" காலையில ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் ஓடும். மாடு கன்னு போட்டது, தேவகிய பொண்ணு பாக்க வந்தவனுக்கு காது மொறம் மாதிரி இருந்தது, எல்லாம் கிளி வழியா தான் போவும். நான் நடுவுல டப்பாவோட குந்திக்கினு இருப்பேன். "யக்கா, நானு?"ன்னா, "நீ தட்டுடி, தாளத்துக்கு ஆள் வேணாமா?"ன்னுவா. ஆறுதல் சொல்றாளாம். ஒரே பாயில படுக்கறோம், ஒரே சீப்புல தல வாரறோம். எங்கிட்ட சொல்லாத சேதியெல்லாம் ஓடைக்கு அந்தாண்ட இருக்கறவளுக்குப் போவுது. நீயே சொல்லு, வயிறு எரியுமா எரியாதா?

ஒரு நாளு அக்கா தண்ணி குடிக்கப் போயிருந்தா. தேவகி பாட்டு வந்துச்சி. ஆனா இழுப்பு சரியில்ல, வுட்டு வுட்டு வருது. "ஏ கிளியே... எங்கம்மா பாறையில வழுக்கிட்டா... எழுந்திரிக்க முடியல... அப்பா சந்தைக்குப் போய்ட்டாரே..." மொதல்ல கேட்டது நானு. நான் தான் வூட்டுக்கு ஓடிப்போய் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்புறம் அப்பா கம்பளிய எடுத்தாரு. அதுல தூளி கட்டி அந்தம்மாவ ரோடு வரைக்கும் தூக்கினு போனாங்க. இடுப்பு எலும்புல விரிசல். அந்த மாசியில ரெண்டு வூடும் சேந்து மரத்த உலுக்குனாங்க. தேவகி அம்மா கட்டில்ல படுத்துக்கினே, "அந்த கெளைய வுட்டுட்டீங்களே"ன்னு ஏவுது. "சரளா ஆரம்பிச்ச பாட்டு தான்யா சண்டைய தீத்துச்சி"ன்னு ஊரே பேசிச்சி. காதுல வாங்குனவ பேர ஒரு ஆளும் சொல்லல.

அடுத்த வருசம் அப்பா அந்த மைக்க வாங்கியாந்தாரு. செவப்பு பட்டன அமுக்கிக்கினு பாடுனா புடிச்சி வச்சிக்கும், அப்புறம் அதையே திருப்பித் திருப்பி கத்தும். அக்கா பாடுனா. மரத்துல கட்டி வுட்டோம். நானும் ஆசையா கைய நீட்டுனேன். "ஒண்ணு தாண்டி நிக்கும் இதுல, மறுபடி அமுக்குனா பழசு போய்டும்"னா அக்கா.

போன ஆடியில அவளுக்கு காய்ச்சல் வந்துச்சி. ஒம்பது நாளு. கீழ ஆஸ்பத்திரிக்கு கொண்டும் போனோம். பொணமா தான் மேல கொண்ணாந்தோம்.

அம்மா அழல. அதான் பயமா இருந்துச்சி. சோறு வச்சா வச்ச எடத்துல காஞ்சி கெடக்கும். பதினாறு நாளு அப்டியே போச்சி. அப்புறம் அப்பா, இன்னா நெனச்சாரோ, மூலையில கெடந்த மைக்க எடுத்து பேட்டரி போட்டு அமுக்குனாரு. "ஏ கிளியே..." அம்மா மைக்க புடுங்கி மடியில போட்டுக்கினு அழுதுச்சி பாரு, எதுத்த சரிவுலேர்ந்து தேவகி ஓடியாந்தா. அன்னிக்கி தான் ஒரு கை சோறு துன்னுச்சி.

அதுலேர்ந்து தெனம் சாயங்காலம் அதே தான். மைக்கு அம்மா மடியில, தேவகி பக்கத்துல. அக்கா பாடுவா, தேவகி பதில் பாடுவா, அம்மா அழுவும், நடுவுல சிரிக்கும். நான் களி கிண்டி எடுத்தாந்து நிப்பேன்.

"யம்மா, சூடா கீது, துன்னு."

"இரு, அவ பாடி முடிக்கட்டும்."

செத்தவ பாடிக்கினு இருக்கா. உசிரோட இருக்கறவ தட்ட புடிச்சிக்கினு நிக்கறேன். எனக்கும் தான் அக்கா செத்துட்டா. அத யார்னா ஒரு வார்த்த கேட்டாங்களா?

ஒரு நாளு மத்தியானம், வூட்ல யாரும் இல்ல. மைக்க எடுத்துக்கினு ஓடையாண்ட போனேன். செவப்பு பட்டன அமுக்கிக்கினு நானும் பாடுனேன். அக்கா பாட்டுக்குப் பின்னாடி என்னுதும் சேந்துக்கும்னு நெனச்சேன்னு அப்புறம் எல்லார்கிட்டயும் சொன்னேன். நம்புனாங்க. உங்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சி தான் அமுக்குனேன்.

சாயங்காலம் அம்மா மைக்க போட்டுச்சி. கரகரன்னு வந்துச்சி. தேவகி எழுந்துட்டா. "இன்னாடி பண்ணி வச்சிக்கிற?" அம்மா பாட்ட முழுசா கேட்டுச்சி. மறுபடியும் கேட்டுச்சி, எங்கொரலுக்கு அடியில எங்கனா அக்கா இருப்பாளான்னு தேடுற மாதிரி. அப்புறம் நிறுத்திட்டு, "நல்லா தான் பாடிக்கிற"ன்னு சொல்லி, எங்கையில இருந்த தட்ட வாங்கி துன்னுச்சி. எம்பாட்ட ஒருத்தர் நல்லா இருக்குதுன்னு சொன்னது அது தான் மொத தடவ. அந்த தட்டாலயே என் தலையில அடிச்சிருந்தா தாங்கிக்கினு இருப்பேன்.

தேவகி கல்யாணம் ஆகி அமிர்தி பக்கம் போய்ட்டா. ரெண்டு காட்டுலயும் இப்ப சாமை போடறதில்ல, மரக்கன்னு வச்சிட்டாங்க. கிளி தொரத்த ஆள் வேணாம். நான் ஷூ கம்பெனியில அட்டைக்கு பசை தடவறேன். அக்கா போட்டோ ரெண்டு கீது, ரெண்டுலயும் வாய மூடிக்கினு நிக்கறா.

போன வாரம் வண்டியில எங்க பக்கத்து ஊரு பொண்ணு ஒருத்தி கேட்டா, "உங்கக்கா சூப்பரா பாடுவாளாமே? சண்டையெல்லாம் தீத்து வச்சாளாமே?"

"சுமாரா பாடுவா"ன்னேன்.

"அப்டியா?"ன்னுட்டு அவ வேற பேச்சு பேச ஆரம்பிச்சிட்டா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். அது பொய்யின்னு காட்டறதுக்கு இனிமே ஒண்ணுமே இல்ல.