கண்ணாடிப் பெட்டிக்குப் போன வளையம்

என் நாத்தனார் வேலை நேரத்தில் வாசலை விட்டுவிட்டு ஓடினாள் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அங்கே நின்றவள் நான். நான் சொல்வதை ஒரு சொல் குறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்குக் கலங்கரை விளக்கப் பூங்காவில்தான் வேலை, அதுவும் தினக்கூலி. காலையில் விளக்கின் நூற்று முப்பது படியையும் கூட்டி இறங்குவாள். பிறகு பழைய சாமான்கள் வைத்த அறையைத் துடைப்பாள். மதியத்துக்கு மேல் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, பாறைக் குட்டைகளுக்குப் போகிற வாசலில் நிற்பாள். கடல் வற்றினால் பாறைக் குழிகளில் தண்ணீர் தங்கும். நண்டும் நட்சத்திர மீனும் அதில் கிடக்கும். யாராவது கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தால் தொலைந்தார்கள்.

“உங்க வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் பாத்துட்டு நான் பாட்டுக்குப் போனா சும்மா இருப்பீங்களா? எடுத்த மாதிரியே வைங்க!”

திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே திருப்பி வைப்பார்கள். அவள் வாய் அப்படி.

அங்கே ஒரு பாறையில் தாம்பாளம் அளவுக்கு ஓர் இரும்பு வளையம் தொங்கியது. விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த படகை அந்தக் காலத்தில் அதில்தான் கட்டுவார்களாம். தண்ணீர் அதை மூடிவிட்டால், திரும்பி வருகிற பாதை முழுக அரை மணி நேரம்தான். “வளையம் குளிச்சிடுச்சு, ஏறி வாங்க!” என்று விசில் ஊதுவாள். எல்லோரும் வளையத்தைப் பார்ப்பார்கள், வந்துவிடுவார்கள். ஒருவர் கூட எதிர்த்துக் கேட்டதில்லை.

போன வருடம் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். எதைக் கேட்டாலும் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையைக் காட்டுவார். இவள் அவருக்கு ‘அட்டவணை’ என்றே பெயர் வைத்துவிட்டாள். அவர் கண்ணில் வளையம் பட்டது.

“இது சரித்திரச் சின்னம், அம்மா. உப்புத் தண்ணில கிடந்து வீணாப் போகுது.”

“உப்புத் தண்ணிக்குன்னே செஞ்சது சார் அது.”

கேட்டாரா? கழற்றிக்கொண்டு போய்ப் பழைய சாமான் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ஒரு அட்டையும் எழுதி வைத்தார். பாறையில் கொக்கி மட்டும் மிஞ்சியது. கண்ணைப் பிடுங்கி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவரை என்னவென்று சொல்ல?

இத்தனை வருடத்தில் நான் அந்தப் பூங்காவுக்கு முதல் தடவையாகப் போனது, அந்தக் காகிதத்தில் சொல்கிற நாளன்றுதான். முட்டி வலியோடு இறங்கி, தொட்டால் சுருங்குகிற ஒரு கடல் பூவை அவள் காட்டப் பார்த்தேன். ஏறி வாசலுக்கு வந்ததும் கடலைப் பார்த்தாள், முகம் மாறியது. விசில் ஊதினாள். பாறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

“மூணரைதானே ஆகுது? டிக்கெட்ல அஞ்சு மணின்னு போட்டிருக்கே!” என்றார் ஒருவர்.

“தண்ணி ஏறுது சார்!”

“எங்க ஏறுது?”

பழக்க தோஷம், கையை அந்தப் பாறைப் பக்கம் நீட்டினாள். அங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

இப்படியே அரை மணி நேரம் போனது. சத்தம் கேட்டு அட்டவணை வந்தார். “அஞ்சு மணிக்கு முன்னாடி யாரையும் விரட்டக் கூடாது. கடிகாரம் பாக்கத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். கடலுக்குத்தான் தெரியாது.”

சொல்லி வாய் மூடவில்லை, பாதையில் அலை ஏறிவிட்டது. இவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லிக் கரை சேர்த்தாள். டிக்கெட்டைக் காட்டியவர்தான் கடைசி. செருப்பு ஒன்று கடலோடு போயிருந்தது. அட்டவணையின் காலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மூன்றாம் நாள் காகிதம் வந்தது. வாசலை விட்டுப் போனதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும்.

“அடுத்த மாசம் நிரந்தரம் ஆக்குறாங்க அண்ணி. கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிடவா?” என்றாள்.

“போடுடி. அடுத்த தடவை எவனாவது முழுகினா அதுக்கும் சேத்துப் போடு.”

என்னை முறைத்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். அந்த அறையின் சாவி துடைக்கிறவளிடம்தானே இருக்கும்? பெட்டியைத் திறந்தாள், என் பையில் வளையத்தைப் போட்டாள். அப்பா, என்ன கனம்! நான் பாறை வரைக்கும் சுமந்தேன், அவள் கொக்கியில் மாட்டிக் கல்லால் அடித்து இறுக்கினாள்.

அன்று மதியம் வளையம் குளித்தது. ஒரே விசிலில் கூட்டம் ஏறி வந்தது. காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு அட்டவணை ஓடி வந்தார்.

“யார் எடுத்தது?”

“நான்தான்” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

“நீங்க யாரு?” என்றார் என்னிடம்.

“அவளுக்கு அண்ணி. அந்தக் காகிதத்துல எனக்கும் ஒரு வரி எழுதிக்குங்க.”

நிரந்தர உத்தரவு இதுவரை வரவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. மன்னிப்புக் காகிதம் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. வளையம் பாறையில்தான் இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டுமானால், தண்ணீர் எப்போது வற்றும் என்று அவர் இவளிடம் வந்துதான் கேட்க வேண்டும்.