வெந்நீர்த் தொட்டியில் மௌன விரதம்

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்கு முப்பத்தொரு வருஷமாகத் தபால் கொண்டுவருபவள் ஸ்டெயின்வோர். வேலை முடிந்ததும் நேரே நீச்சல்குளத்துக்கு வருவாள். நீந்த மாட்டாள். குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு பேசுவாள். யார் புதுப் படகு வாங்கினார், யார் யாரைக் கட்டப்போகிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியவருவது அங்கேதான்.

போன வருஷம் அவள் ஸ்காட்லாந்தில் பத்து நாள் மௌன தியான முகாமுக்குப் போனாள். மலையேற்றம் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டாளாம். ஊரே சிரித்தது. அவளோ கண்கள் பளபளக்கத் திரும்பினாள்.

"மூணாம் நாள் ஓடி வந்துடலாம்னு பாத்தேன். நாலாம் நாள் கேரட் நறுக்கிட்டிருக்கேன், திடீர்னு மண்டைக்குள்ள என் குரலே இல்ல! கேரட் மட்டும்தான் இருக்கு! ஐயோ, என்ன அமைதி!" என்று அந்த அமைதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

மறுவாரமே தியானக் குழு தொடங்கிவிட்டாள். நான், ரொட்டிக்கடை ஒட்கெய்ர், இன்னும் மூன்று பேர். தேவாலயத்தின் கீழறையில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தோம். ஜனவரியில் குழாய் வெடித்து அறை பனிக்கட்டியாகிவிட்டது.

"அதுக்கென்ன இப்போ? தொட்டியில உக்காந்தா மூச்சு வராதா?" என்றாள்.

சனிக்கிழமை காலை. ஆறு பேரும் மோவாய் தண்ணீரைத் தொட, கண்மூடி இருந்தோம். எந்தச் சத்தம் கேட்டாலும் அசையக் கூடாது என்பது அவள் கட்டளை. குளத்துக் காவலர் ஹியால்டி வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தொட்டியில் பேச்சு ஓயவே ஓயாது என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர் ஆறு பேரும் போய்விட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். விசில் ஊதினார். ஒருவரும் அசையவில்லை. செருப்போடு உள்ளே குதித்து, ஸ்டெயின்வோரின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்.

"அம்மா! கண்ணத் தொறங்க! உயிர் இருக்கா?"

"இருக்குய்யா! இப்பத்தான் ஒரு வழியா அடங்குச்சு, கெடுத்துட்டியே!"

முதலில் சிரித்தது ஒட்கெய்ர். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஹியால்டி நனைந்த சட்டையோடு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். திங்கட்கிழமை தொட்டிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: "இவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள்."

கோடையில் ஸ்காட்லாந்திலிருந்து, அந்த முகாமை நடத்திய புத்த பிக்குணி வந்தார். பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகளை எடுத்துக்கொள்ள ஸ்டெயின்வோர் அவர் முன்னால் மண்டியிட்டாள். ஆனால் ஒரு சந்தேகம்.

"நான் கொண்டுபோற போஸ்ட் கார்டைப் படிக்கிறது எதுல சேரும்?"

"கொடுக்காததை எடுக்கிறதுதானே அது? ரெண்டாவது சீலம் போச்சு," என்றார் பிக்குணி. "படிச்சதை வெளியில சொன்னா, நாக்கை அடக்கச் சொல்ற நாலாவதும் போச்சு."

"அப்ப மத்த மூணை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

பிக்குணி அங்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஸ்டெயின்வோர் பெருமூச்சு விட்டு ஐந்தையுமே எடுத்துக்கொண்டாள். அவள் பேச்சில் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போதெல்லாம் போஸ்ட் கார்டுகளைப் படம் மேலே தெரியும்படிதான் அடுக்கிக் கொண்டுபோகிறாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பது நாங்கள்தான்.