நன்றிப் பக்கத்தில் இல்லாத நாகராசா அண்ணை

நாகராசா அண்ணை இறந்துவிட்டார் என்று அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னபோது, நான் பேராசிரியை வீட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பேராசிரியையை நாங்கள் சின்யோரா என்றுதான் கூப்பிடுவோம்; அவரிடம் சொன்னேன். கண் கலங்கினார். “எவ்வளவு நேர்மையான வேலைக்காரர்! ஒரு கோப்பைகூட உடைத்ததில்லை” என்றார். நல்ல காலம், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

பலெர்மோத் தமிழர் உங்களுக்கெல்லாம் அவர், இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கடுதாசி நிரப்பித் தந்த அண்ணை. சின்யோரா வீட்டில் அவரோடு வேலை செய்த எனக்குத் தெரிந்தது வேறு ஆள்.

புத்த சமயம் ஐரோப்பாவுக்கு வந்த கதையைச் சின்யோரா எழுதிக்கொண்டிருந்தார். இலங்கைப் பிக்குமார் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பாளியில் எழுதிய கடிதங்கள் மேசையில் கிடந்தன. எல்லாம் சிங்கள எழுத்து; அவர் முழி பிதுங்கிக்கொண்டிருந்தார். தூசி தட்டப் போன அண்ணை நின்றபடியே வாசித்துவிட்டார். அனுராதபுரத்தில் தகப்பன் கடை வைத்திருந்த நாளில், பக்கத்து விகாரையில் படித்த பாளி.

அன்றிலிருந்து ஆறு வருஷம், வியாழன்தோறும் அவர் வாசித்து விளக்க, சின்யோரா எழுதினார்.

“பிக்கு அண்ணை, வீடெல்லாம் தூசி!” என்று சீண்டுவேன்.

“தூசியும் நிலையில்லாதது, பிள்ளை. விடு.”

அந்தக் கடையைப் பிறகு கலவரத்தில் சிங்களவர் எரித்தார்கள். “எரிச்சவங்களின்ரை வேதத்தை ஏன் இன்னும் மனசிலை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“எரிச்சவன் இதைப் படிக்கேல்லை. படிச்சிருந்தா எரிச்சிருப்பானே?”

புத்தகம் வந்தது. நன்றிப் பக்கத்தை என் மகள் வாசித்தாள். பேராசிரியர்கள், நூலகங்கள், செத்துப்போன பூனை. அண்ணை இல்லை.

“பூனைக்கும் நன்றியாம், அண்ணை!”

“அது வடிவாய்க் கேட்டுக்கொண்டிருந்தது” என்று சிரித்தார். பிறகு மெதுவாக, “பேர் இருந்திருந்தா பேரப்பிள்ளையளுக்குக் காட்டியிருப்பன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புத்தகம் முழுக்கத் துரைமாரின் பெயர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுத்தவர்கள் எங்கே? அந்தக் காலத்திலும் ஒவ்வொரு துரைக்கும் ஒரு நாகராசா இருந்திருப்பார் என்று ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்குகிறது!

அடக்கம் முடிந்ததும், அண்ணையின் பெயர் ஏன் இல்லை என்று சின்யோராவிடம் நேரே கேட்டேன். “அது ஆராய்ச்சி விஷயம், உனக்கு விளங்காது” என்றார். அந்த வீட்டு வேலையை அன்றே விட்டேன்.

இத்தாலி எழுத்தில் அவர் பெயரை மகளிடம் எழுதிப் பழகினேன். வியா மக்வேதா தெருவிலுள்ள புத்தகக் கடையில் மூன்று பிரதிகள் இருந்தன. மூன்றிலும் நன்றிப் பக்கத்தில் பேனையால் எழுதிவிட்டு வந்தேன். அண்ணையின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அவருடைய பெயர் என்னிடம் இருக்கிறது, அதைப் பிழையில்லாமல் எழுதுவேன்.