குந்தாரப்பள்ளித் துண்டும் வாஷிங்டன் கெடுவும்

1991 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ் ஏறினோம்: நான், என் எட்டு மாதக் குழந்தை, என் மாமனார். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். குழந்தைக்கு லேசான சளி. வீட்டில் விட்டிருக்கலாமோ என்று ஏறும்போதும் நினைத்தேன், ஏறிய பிறகும் நினைத்தேன்.

ஒரு போன் பேசத்தான் இந்தப் பயணம். என் கணவர் சவூதியில், தம்மாமில் வெல்டர். குவைத்தை விட்டு வெளியேற அமெரிக்காவும் அதன் கூட்டாளி நாடுகளும் ஈராக்குக்கு விதித்த கெடு பொங்கலோடு முடிகிறது. சண்டை வந்தால் குண்டு விழும் தூரத்தில்தான் அவருடைய கேம்ப். கிருஷ்ணகிரியில் இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை. ஓசூரில் ஃபேக்டரிகள் இருப்பதால் வெளிநாட்டு லைன் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். வெள்ளி அங்கே விடுமுறை. வெள்ளிதோறும் நம் நேரம் மூன்றரைக்கு அவர் போன் பக்கத்தில் நிற்பார்.

"அங்கேயே இரு, பயந்துக்கினு வந்துடாதேன்னு மட்டும் சொல்லு" என்று மாமனார் வீட்டிலேயே சொல்லியிருந்தார். ஏழு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "சரிங்க மாமா" என்றேன். அது சரியில்லை என்று வழியெல்லாம் மனம் கொதித்தது.

பன்னிரண்டரைக்குக் குந்தாரப்பள்ளி. அன்று சந்தை. பொங்கல் சமயம் என்பதால் ரோடு வரை மாடுகள்; பஸ் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, பேசாமல் நின்றார்கள். சுற்றிலும் கூட்டம்.

"வெரலைப் பிடிச்சே வெலை பேசுறாங்க" என்றார் மாமனார். "எறங்கி வந்தாலும் ஏறிப் போனாலும் பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. மானம் போவாது பாரு."

அந்த இரண்டு பேரில் ஒருவர், மாட்டுத் தரகர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பஸ்ஸிலேயே ஏறி, மூன்று பேர் சீட்டில் மாமனாருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

முன் சீட்டில் ஃபேக்டரிச் சட்டை போட்ட ஒருவர் பேப்பரை விரித்திருந்தார். திருநெல்வேலிப் பேச்சு. "அமெரிக்காக்காரன் பார்லிமெண்ட்ல விவாதம் நடக்குல்லா. பாதிப் பேரு, ஈராக்குக்குச் சரக்கு போக விடாம தடுத்து வச்சிருக்கோம், அது வேலை செய்ய இன்னும் கொஞ்ச நாள் குடுப்போம், பேசிப் பாப்போம்ங்கான். மிச்சப் பேரு, கெடு முடிஞ்சா அடிங்கான்."

"இன்னும் என்னாத்தப் பேசுறது?" என்றார் தரகர். "கெடு வெச்சாச்சி. அடிக்கலன்னா எவன் மதிப்பான்? ரெண்டு போடு போட்டாத்தான் வழிக்கு வருவான்."

"இவரு போட்டு அனுப்புன கெடு மாரியே பேசுதாரே!" என்றார் பேப்பர்காரர். பஸ்ஸே சிரித்தது. சூளகிரி வரை இதேதான். எத்தனை விமானம், எத்தனை கப்பல், யார் ஜெயிப்பார்கள் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசினார்கள். யாரும் அங்கே வெல்டிங் அடிக்கிற ஓர் ஆளைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமனார் பக்கத்தில் இருப்பதும் மறந்துபோனது.

"ஏங்க, ஒரு மாட்டுக்கு வெலை பேச நீங்க துண்டு போட்டு மூடறீங்க. அத்தனை ஜனங்க உசுரை மட்டும் நாள் குறிச்சி, மைக் வெச்சி, ஊரைக் கூட்டிப் பேசலாமா? அப்பறம் எவன் எறங்கி வருவான்? எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு."

சிரிப்பு நின்றது. தரகர் துண்டைத் தடவினார். "நாயந்தாம்மா. ஆனா அவனுங்களுக்கு யாரு துண்டு குடுக்கறது?"

"வாயை மூடு" என்றார் மாமனார், என்னிடம். ஓசூர் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசியிருக்கக் கூடாதோ என்று பத்து தடவை யோசித்தேன். பத்து தடவையும் கோபம்தான் மிஞ்சியது.

இரண்டு மணிக்கு ஓசூர். பூத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது, எல்லாரும் வளைகுடாவுக்குத்தான். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்டது. மாமனார் கதவை ஒட்டியே நின்றார். நான்கு மணிக்கு லைன் கிடைத்தது.

"பாப்பா எப்படி இருக்கா?" என்றார் அவர். குழந்தையின் வாயருகே ரிசீவரைப் பிடித்தேன். அது தும்மியது. அவர் சிரித்தார். "அப்பா என்ன சொல்றாரு? இங்க எல்லாருக்கும் விஷப்புகைக்கு முகமூடி குடுத்துட்டாங்க. பாதிப் பேரு கெளம்பலாம்னு பேசுறாங்க."

மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையே பார்த்தது. அங்கே, அத்தனை பேர் முன்னால், அவர் சொன்னதை மறுத்துச் சொன்னால் அவர் இறங்கி வரவே மாட்டார். முந்தானையை எடுத்து வாயையும் ரிசீவரையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

"கெளம்பி வந்துடுங்க."

"பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ்ல வாங்கி வெச்சிருக்காங்க. கேட்டா வேலை போயிடும்."

"போவட்டும். கேளுங்க."

"சரி, கேக்கறேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. லைன் அறுந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. குந்தாரப்பள்ளியில் சந்தை கலைந்து, சாணியும் வைக்கோலும் மட்டும் கிடந்தன. அங்கே வைத்துத்தான் மாமனார் மெதுவாகக் கேட்டார்: "என்னா சொன்ன அவன்கிட்ட?"

"வரச் சொன்னேன் மாமா."

கிருஷ்ணகிரி மலை தெரிந்தபோது குழந்தையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பெங்களூர்ல எறங்குவானா, மெட்ராஸ்லயா?" என்றார்.

இதை எழுதும்போது அங்கே ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. அடிக்கலாம் என்ற பக்கம் ஜெயித்தது. அவர்களுடைய மேல்சபையில் வித்தியாசம் ஐந்தே ஓட்டு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அன்று எங்கள் சீட்டில் இருந்ததும் மூன்று பேர். அதில் மாமனார் மாற ஐம்பது கிலோமீட்டர் கூட ஆகவில்லை. அவர்களுக்கு அந்த நேரம்கூட இல்லையாம். பாஸ்போர்ட் கிடைத்ததா என்று எனக்கு இன்னும் தகவல் இல்லை.