மெல்லிய நூல்

கல்பாக்கத்தில் வேலை பார்த்த நாட்களில் எனக்குத் தூண்டில் பைத்தியம். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை, மாமல்லபுரத்து மீனவர் ஏழுமலையின் படகில் வஞ்சிரம் பிடிக்கப் போனேன். ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அங்கே கோல் கிடையாது. நூலை வெறும் கையில்தான் பிடிப்பார்கள்.

அவருடைய நரம்பு, அதாவது நைலான் தூண்டில் நூல், தடியாக இருந்தது. அது மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லி, சென்னையில் தேடி வாங்கிய மெல்லிய பின்னல் நூலை நீட்டினேன்.

“வாணாம் சார். இம்மாம் மெல்லிசு கைய அறுத்துடும்.”

“புத்தகத்துல படிச்சிருக்கேன் ஏழுமலை. எவ்வளவு பெரிய மீன் இழுத்தாலும் இது அறுந்து போகாது.”

கூட வந்த என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, விரலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஒரு கையில் எஞ்சின் பிடி, மறு கை விரல்களில் சுற்றிய என் நூல்.

பெரிய மீன் ஒன்று கவ்வி இழுத்தது. நூல் டியூபை அறுத்து விரலுக்குள் இறங்கியது. அவர் கத்தவில்லை. “கத்தி எடு சார், நூல வெட்டு” என்றார். கத்தி இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை. தேடி எடுத்து வெட்டுவதற்குள் எலும்பு தெரிந்துவிட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பார்க்கும்போதெல்லாம் “நாஸ்தா ஆச்சா சார்?” என்பார். தூண்டில் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கியபடியே கேட்பார்.

அன்று நான் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. நூல் அறுந்து போகவில்லை.