செத்தால் கைமாற்ற வேண்டும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழுக்கி, திருகாணி முடுக்கி, முன்னால் அனுப்பிவிடுவாள். அதைப் போட்டுக்கொண்டு யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. கடையில் எல்லோருக்கும் அவள் ‘பின்ரூம் அக்கா’.

கல்யாணம் முறிந்ததில் சண்டை சச்சரவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புருஷன் நல்லவன்தான்; அவளும் கெட்டவளில்லை. எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமலே ஓடிய குடித்தனம், ஒருநாள் கையெழுத்தோடு முடிந்தது. அவள் கொண்டுபோன பாத்திரங்கள் திரும்பி வந்தன. ஒரே ஒரு உறவு மட்டும் திரும்பி வரவில்லை. அது கொழுந்தன்.

வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் கடைக்குப் போயிருப்பான், மாமியார் உண்ட களைப்பில் உறங்குவாள். சின்னவன் கூடத்து டிவியில் நிஞ்சா ஆட்டத்தைப் போடுவான். பழைய காலத்து ஆட்டம் மாதிரி கட்டம் கட்டமாக வரைந்தது. கறுப்புத் துணி சுற்றிய நிஞ்சா ஒருவன் கூரை விட்டுக் கூரை தாவ வேண்டும். பாதித் தாவலில் ஒரு காக்கை வந்து இடிக்கும். விழுந்தால் அந்தச் சுற்றின் ஆரம்பத்திலிருந்து மறுபடி.

“செத்தா கைமாத்தணும், அண்ணி. அழுகுணி ஆட்டமெல்லாம் கூடாது” என்று கண்ட்ரோலரைப் பிடுங்குவான். அவனும் சாவான். அது அவள் கைக்கு வரும். மாமியார் விழித்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வீட்டில் அவள் சிரித்ததெல்லாம் அந்த மதியங்களில்தான்.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்துவிட்டதாக ஒரு சாயங்காலம் கைப்பேசியில் பார்த்தாள். அடுத்த விடுமுறையன்றே அதையும், ஆட ஒரு கண்ட்ரோலரையும் வாங்கிவிட்டாள். ஒற்றை அறை வீட்டில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொடங்கினாள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஞ்சாவுக்கு இப்போது கொக்கி கட்டிய கயிறு இருந்தது. சுவரில் பல்லி போல ஏறினான். மழை பெய்தது, கூரையில் நீர் வழிந்தது, இசை நெஞ்சை அள்ளியது. வழியெங்கும் விளக்குகள். ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், செத்தாலும் அங்கேயே எழுந்துகொள்ளலாம். அவள் செத்தாள், எழுந்தாள், போனாள். ஒவ்வொரு முறை விழுந்தபோதும் கை மட்டும் பழக்க தோஷத்தில் பக்கத்துக்கு நீண்டது. அங்கே தலையணை இருந்தது.

இதைப் பற்றி யாரிடம் பேசுவது? கடையில் சொன்னால், இந்த வயதில் இது வேறா என்பார்கள். மனசு கேட்கவில்லை. பழைய எண்ணுக்கு ஒரு வரி அனுப்பினாள்: “ரெண்டாவது பாகம் ஆடினியா?”

மறுநாள் அவளுடைய உணவு இடைவேளையில் அவனே கூப்பிட்டான்.

“ஹலோ, அண்…” என்றவன் மீதியை விழுங்கிவிட்டான். “எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். ஆடினியா இல்லையா, அதைச் சொல்லு.”

“முடிச்சே விட்டேன். முதல் பாகமெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. அந்தக் கயிறு ஒண்ணு போதுமே!”

“போடா. கயிறு கொடுத்தா யாருதான் ஏற மாட்டாங்க? முதல்ல இருந்த பயம் இதுல எங்க?”

“பயம் இல்லீங்க, அது வெறும் கொடுமை. அந்தக் காக்காயை இன்னிக்கும் மன்னிக்க மாட்டேன்.”

“முதல் பாகம் மாமியார் மாதிரிடா. ஒரு தப்புப் பண்ணினா எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணச் சொல்லும். ரெண்டாவது, வந்த வீட்டு விருந்தாளி மாதிரி. என்ன பண்ணினாலும் ‘பரவாயில்ல, பரவாயில்ல’ங்குது.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் சொன்ன மாமியார் அவனுடைய அம்மா.

பேச்சு முழுக்க அவன் அவளை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணி என்பதற்கு இப்போது அந்த வீட்டில் வேறொருத்தி வந்துவிட்டாள். அக்கா என்றால் வாயில் ஒட்டாது. பெயர் சொல்லிக் கூப்பிடவோ அவன் வளர்ந்த விதம் விடாது. பேச்சு பிடிமானமில்லாமல் தத்தளித்தது.

“யாருடா போன்ல?” அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

“கூட வேலை பாக்கிறவர்ம்மா” என்றான் சின்னவன். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆட்டத்துல கடைசியா வர்ற ஆள்கிட்ட மட்டும் ஜாக்கிரதை. இடது சுவத்துல தொங்கிக்கிட்டே அடிங்க. வச்சிடட்டுமா?”

“வை” என்றாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் அவன் வேறென்னதான் சொல்வான்? ஆனால் அன்று மத்தியானம் தேய்த்த லென்ஸ் ஒன்று அளவு தப்பிப்போய், புதிதாக ஒன்று எடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசி ஆளிடம் போனாள். கட்டைவிரல் எரிய எரிய, இடது சுவரில் தொங்கி அடித்தாள். அவன் வீழ்ந்தான். மலை உச்சியில் நிஞ்சா முகத்துணியை அவிழ்த்தான், விடிந்தது, ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலேறின. கடைசிப் பெயர்வரை பார்த்தாள். “முடிச்சிட்டேன்” என்று அனுப்பினாள். கை தட்டுகிற படம் ஒன்று வந்தது. அதற்கு மேல் அவனும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை.

திங்கட்கிழமை கடையில் பில் போடுகிற பெண் அவள் கையைப் பார்த்துவிட்டாள். “என்னக்கா, கட்டைவிரல் இப்படிக் கொப்பளிச்சிருக்கு?”

“லென்ஸ் ஓரம் பட்டுடுச்சு.”

“பாத்து வேலை செய்யக்கூடாதா?” என்று அந்தப் பெண் பிளாஸ்திரி ஒன்றைப் பிரித்து, விரலைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். அவள் கையை இழுத்துக்கொள்ளாமல், சுற்றி முடிக்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தாள்.