கிளிக்கு மூன்றரை மைல்

பால் பிடித்த சோளக்கதிரைக் கிளி கொத்தும்போது 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு கிளி கொத்தினால் காதில் விழாது. நூறு கிளி ஒன்றாக இறங்கினால், காட்டின் மறுகோடியில் 'பரண்' மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு, யாரோ என் காதோரம் அப்பளத்தை நொறுக்குவது மாதிரி கேட்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், சிலமலை கிராமத்தில் ரோட்டோரமாக இருந்த எங்கள் சோளக்காட்டில், தை மாதக் காலைகளில் தகர டின்னைத் தட்டிக் கிளி விரட்டிவிட்டு, அதன்பிறகுதான் போடிக்குப் பள்ளிக்கூடம் நடப்பேன். அப்போது எட்டாம் வகுப்பு. என் பெயர் பேச்சியம்மாள், வீட்டில் பேச்சி. பெயருக்கேற்ற வாய் என்று ஊரே சொல்லும், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்தக் கிளிகள் மேற்கே மலைச்சரிவிலிருந்து வரும். சரிவின் பாதி உயரத்தில், ஏலக்காட்டுக்கு நடுவே, துவைத்து விரித்த வேட்டி மாதிரி ஒரு பாறை தெரியும். நாங்கள் அதை 'வெள்ளைப்பாறை' என்போம். வெயில் ஏறத் தொடங்கியதும் கிளிக்கூட்டம் அந்தப் பாறைக்கு மேலாகத்தான் கிளம்பும். பாறைக்குப் பக்கத்து ஏலக்காட்டில் என் சின்ன அத்தை, அதாவது அய்யாவின் தங்கை, கூலி வேலை பார்த்து அங்கேயே குடிசையில் தங்கியிருந்தாள். மாதம் ஒருமுறை சந்தை நாளில், என் தாய்மாமா ஓட்டும் ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து இறங்கி வருவாள். வந்தால் வீடே ஏலக்காய் வாசம் அடிக்கும்.

கேள்வியைக் கிளப்பியது மாமாதான். வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "கிளியும் என் ஜீப்பும் ஒண்ணா கெளம்புனா, கிளிக்கு முன்னாடி நான் எறங்கி வந்து நிப்பேன்" என்று சவடால் விட்டார். அம்மா முடியாது என்றாள். அய்யா, கிளி என்ன வேகம் போகும் என்று எவனுக்குத் தெரியும் என்றார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் வகுப்பில் காலமும் வேகமும் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து, "கிளி மணிக்கு எத்தனை மைல் போகும் சார்?" என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. கணக்கு வாத்தியார் சிரிக்காமல், சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "கிளிக்கு டிக்கெட்டுக் கிழிக்கிறவன்கிட்டப் போயிக் கேளு" என்றார். நான் உட்காரவில்லை. உட்காராததில் அவருக்குக் கோபம். "ஒனக்குத்தான் கணக்கு வருமே, நீயே கண்டுபிடிச்சுக் கொண்டா. கொண்டாந்தா, நானே ஒங்க வீட்டுக்கு வந்து ஒங்கய்யாகிட்டச் சொல்றேன்" என்றார்.

அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கோ அது உயிர்க்கயிறு. எட்டாவது முடிந்ததும் என்னைச் சின்ன அத்தையோடு ஏலக்காட்டுக்கு அனுப்புவதென்று அய்யா முடிவு செய்திருந்தார்; மேலே படிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது, "வாத்தியாரு வாயால ஒனக்குக் கணக்கு வரும்னு சொல்லட்டும், பாக்கலாம்" என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அந்த வாத்தியார் பெண் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை என்பது அய்யாவுக்குத் தெரியும்.

வேகம் வேண்டுமானால் நேரமும் தூரமும் வேண்டும். நேரத்துக்கு எங்களிடம் கடிகாரம் கிடையாது. ஒரு நூலில் கூழாங்கல்லைக் கட்டி, போடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்த பெரிய கடிகாரத்துக்கு எதிரே நின்று ஆட்டி ஆட்டி, நூலைச் சுருக்கியும் நீட்டியும், ஒரு நிமிஷத்துக்குச் சரியாக அறுபது ஆட்டம் வரும்படி செய்துகொண்டேன். டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒரு முறுக்குக் கொடுத்தார். அதையும் தின்றுகொண்டே எண்ணினேன்.

கிளி பாறையைக் கடக்கும் நொடி எனக்குத் தெரிய வேண்டுமே. சந்தைக்கு வந்த அத்தையிடம் கேட்டேன். அவளிடம் கையகலக் கண்ணாடி ஒன்று இருந்தது. "கூட்டம் தலைக்கு மேல போறப்ப வெயிலப் பாத்துக் கண்ணாடியக் காட்டணும், அம்புட்டுத்தான? அதுக்கு ஏண்டி இப்படிக் கெஞ்சுற?" என்றாள். கங்காணி பார்த்தால் திட்டுவானே என்றேன். "பாத்தா பாக்கட்டும்" என்றாள்.

பத்து நாள் காலையில் வெள்ளைப்பாறையில் ஒரு வெளிச்சம் மினுக்கென்று கண்ணில் குத்தியது. குத்தியதும் பரண் கம்பில் தொங்கிய கல்லை ஆட்டிவிட்டு எண்ணத் தொடங்குவேன். முதல் கிளி எங்கள் சோளத்துக்கு மேல் வரும்போது நிறுத்துவேன். எண்ணும் சுவாரசியத்தில் டின்னைத் தட்ட மறந்து, கிளிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்க, அம்மாவிடம் வாங்கிய ஏச்சு தனிக்கணக்கு. ஒருநாள் முந்நூற்று நாற்பது, ஒருநாள் முந்நூற்று எண்பது. கூட்டிப் பத்தால் வகுத்தேன். முந்நூற்று அறுபது, ஆறு நிமிஷம்.

தூரத்துக்கு நான் கஷ்டப்படவே இல்லை. அத்தை இருக்கும் இடம் எத்தனை மைல் என்று சிலமலையில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: பதினேழு. மாமா மைல்கல்லை எண்ணியே சொல்வார். ஆறு நிமிஷத்தில் பதினேழு மைல் என்றால் மணிக்கு நூற்றெழுபது மைல். எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் பத்து நாள் எண்ணியிருக்கிறேனே என்ற திமிரில் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

வாத்தியார் பதினேழு என்ற எண்ணுக்கு அடியில் கோடு போட்டார். "ஏம்மா, மேலயிருந்து கெளம்புற கிளி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஆரன் அடிச்சுத் திரும்பி, மலையடி முந்தல்ல எறங்கி, போடி பஸ்சு ஸ்டாண்டுக்கு வந்து, அங்க பஸ்சு மாறி ஒங்க சோளக்காட்டுக்கு வருதா?" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் எனக்குக் 'கொண்டை ஊசிக் கிளி' என்று பெயர் விழுந்துவிட்டது.

வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது, என்மேல் பாதி, ஊர்மேல் பாதி. எல்லோரும் கண்ணுக்கு எதிரே அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டேதான் பதினேழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்காவது அது ரோட்டுக் கணக்கு என்று தோன்றவில்லை. வீட்டுக்குப் போனால், சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. "வாத்தியாரே சிரிச்சுட்டாரு, இனி என்ன இருக்கு? சித்திரையில அத்தைகூட மேல போ" என்று அய்யா முடித்துவிட்டார். நான் முடிக்கவில்லை.

போடி ரோட்டில் நடக்கும்போது பக்கத்துப் புளியமரம் 'வெரசா'ப் பின்னால் போகும், மலை கூடவே வரும், வெள்ளைப்பாறை மட்டும் மெல்ல மெல்லப் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரிந்தால் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடாதா? அந்த ரோட்டில் பர்லாங்குக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். எங்கள் காட்டோரக் கல்லின்மேல் சிலேட்டை வைத்து, ரோட்டுப் போக்கில் ஒரு கோடும், பாறையைக் குறிபார்த்து இன்னொரு கோடும் கிழித்தேன். எட்டுக் கல் தாண்டி, அதாவது சரியாக ஒரு மைல் தள்ளி, இன்னொரு சிலேட்டில் அதேபோல் இரண்டு கோடு. இரண்டு சிலேட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, அழியாமல் பள்ளிக்கூடம் கொண்டு சேர்த்தேன்.

மறுநாள் முதல் மணி அடிக்குமுன், யாரையும் கேட்காமல், பள்ளி மைதானத்தில் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டேன். பர்லாங்குக்கு ஓர் அடி. எட்டடி நீளத்தில் ரோடு. அதன் இரண்டு முனையிலும் இரண்டு சிலேட்டு. சிலேட்டில் கிழித்த சாய்வை ஒட்டிக் கயிறு பிடித்து இரண்டு நீளக் கோடு. அவை ஒன்றையொன்று தொட்ட இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். வகுப்புக்கு வா என்று ஆள் அனுப்பினார்கள். வாத்தியாரை இங்கே வரச் சொல்லு என்றேன். அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவர் பிரம்போடுதான் வந்தார். சாம்பல் கோட்டைப் பார்த்தார், சிலேட்டுகளைப் பார்த்தார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடிக்கோல் வாங்கிவரச் சொல்லி, காட்டோர முனையிலிருந்து வெள்ளைக் கல்வரை தானே குனிந்து குனிந்து அளந்தார். இருபத்தெட்டு அடி, ஒரு விரற்கடை குறைவு. இருபத்தெட்டு பர்லாங்கு; மூன்றரை மைல். ஆறு நிமிஷத்தில் மூன்றரை மைல் என்றால் மணிக்கு முப்பத்தைந்து. தப்பு எங்கே என்று அவர் தேடுவது முகத்திலேயே தெரிந்தது. வெகுநேரம் தேடினார்.

"சரிதான்" என்றார் கடைசியில். "கிளி வேகத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"அய்யாகிட்டச் சொல்லிட்டு அப்புறம் கேளுங்க சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் வந்தார். வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். இவளுக்குக் கணக்கு வரும் என்றார். அய்யா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப அந்த மூணரை மைலு நெசந்தானா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் ஒன்பதாவது போனேன். மாமா, ஜீப்புக்கு அந்த இறக்கத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறதே என்று நான் கேட்டதற்காக, ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது என் பெருமைக் கதை. வாத்தியார் வந்துபோனதற்கு அடுத்த சந்தைக்கு அத்தை வந்தாள். கண்ணாடிக்கு நன்றி சொல்லி, நேர்த் தூரம் மூன்றரை மைல்தான் அத்தை என்று குதித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"எங்க ஆத்தா செத்தன்னைக்கு, பதினேழு மைலு, அவ எங்க வந்து சேரப்போறான்னு சொல்லி எடுத்துட்டாங்க" என்றாள். "ஊருச் சுடுகாட்டுல பொகை எந்திரிச்சத நான் பாறை மேல நின்னு பாத்தேன். எங்க வீட்டுப் பொகைன்னு தெரியாது. மூணரை மைலுதானா?"

அய்யா அங்கேதான் இருந்தார். அவருக்கும் அவள்தான் ஆத்தா; துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு எழுந்து போனார். எனக்கு என் கணக்கின்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அடுத்த வாரம், சந்தை நாளில்லாத ஒரு நாள், நான் பரணில் இருந்தேன். சோளம் அசைந்தது. கிளி என்று டின்னைத் தூக்கினேன். ரோட்டுப் பக்கமிருந்து இல்லை, மலைப் பக்கமிருந்து, கதிரை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். சேலை முள்ளில் கிழிந்து, காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். விறகு வெட்டுகிறவர்களின் தடத்தைப் பிடித்து, ஓடையோடு இறங்கியிருக்கிறாள். "நாலு மணி நேரந்தாண்டி" என்றாள். கங்காணி என்ன சொல்வான் என்று அம்மா பதறியதற்கு, "நான் எங்க வீட்டுக்கு வர்றேன், அவனுக்கென்ன?" என்றாள். அதன்பிறகு அவள் ஜீப்பில் ஏறவே இல்லை. மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆயிற்று.

இப்போது எங்கள் காட்டில் தென்னை நிற்கிறது. சோளமும் இல்லை, கிளியும் நாலைந்துக்கு மேல் இல்லை. பர்லாங்குக் கற்களை ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அத்தை போய் இருபது வருஷமாகிறது. அவள் போனபோது எல்லோரும் வந்து சேரும்வரை, மேலே ஏலக்காட்டிலிருந்து கடைசி ஆள் இறங்கி வரும்வரை, எடுக்க விடமாட்டேன் என்று வாசலில் நான் நின்றேன். ரசம் போன அந்தக் கண்ணாடி என் மேசையில் இருக்கிறது. சிலமலைக்கு வருகிறவர்கள் வெள்ளைப்பாறையைக் காட்டி அது எவ்வளவு தூரம் என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் கிலோமீட்டரில் ரோட்டுக் கணக்குச் சொல்கிறார்கள். நான் மூன்றரை மைல் என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் இன்னொரு தடவை சொல்கிறேன்.